சுவர் தாண்டி வந்த சேதிகள்

அட்டைக்கு முப்பத்திரண்டு மூளை இருக்கிறதாம். எங்கள் லயத்துக்கு இந்தச் சேதியைக் கொண்டு வந்தவர் பெரியப்பா. மழைக்காலத்தில் தேயிலை மலைக்குப் போய் வந்தால் கால்விரல் இடுக்கில் நாலு அட்டையாவது தொங்கிக்கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. உப்பைப் போட்டு அதைக் கழற்றி எறியத்தான் எங்களுக்குத் தெரியுமே தவிர, அதற்குள் இத்தனை மூளை இருக்குமென்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. பெரியப்பா சொல்லி முடித்ததும், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவருக்கு இந்தப் பக்கம் ரொட்டி தின்றுகொண்டிருந்த அப்பா என் அம்மாவைப் பார்த்து, "முப்பத்திரண்டு மூளை இருந்தும் போயும் போயும் நம்ம ரத்தத்தத்தானே குடிக்குது. இந்தப் பொழப்புக்கு ஒரு மூளை போதாதா," என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா களுக்கென்று சிரித்தது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

பெரியப்பா அதைச் சொன்னது என்னிடம். அப்பா பதில் சொன்னது அம்மாவிடம். அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேசமாட்டோம் என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே, மேகம் இறங்கினால் எதிர்மலை தெரியாமல் போகிற இடத்தில் எங்கள் தோட்டம். லயம் என்றால், ஒரே தகரக் கூரையின் கீழே ஒற்றையறை வீடுகளான காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கிற தடுப்புச் சுவர் கூரைவரை போகாது. கட்டின வெள்ளைக்காரன் எதை மிச்சம் பிடித்தானோ தெரியாது, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியை விட்டுவிட்டான். அதனால் ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டில் வெறும் சோற்றையே ருசித்துச் சாப்பிடலாம். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் பஞ்சாயத்துக்குப் புதிதாக எதுவும் விளக்கிச் சொல்லத் தேவை இருக்காது. எங்கள் காம்பராவுக்கும் பெரியப்பாவின் காம்பராவுக்கும் நடுவே இருந்ததும் அப்படிப்பட்ட ஒரு சுவர்தான்.

சண்டைக்குக் காரணம் ஒரு மாடும் ஒரு லீக்ஸ் பாத்தியும். அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வயசான தேயிலைச் செடிகளை வளைந்த கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. அதை முடித்துக்கொண்டு வந்தால் வெளிச்சம் இருக்கும்வரை லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்தியில் குனிந்தபடி இருப்பார். வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற அந்த லீக்ஸ் நல்ல விலைக்குப் போன ஒரு பருவத்தில், மறுநாள் பிடுங்கலாம் என்று இருந்த பாத்தியில் பெரியப்பாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் பாத்தியில் குளம்படி மட்டும் இருந்தது. அப்பா போய்க் கேட்டார். தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். பெரியப்பா அப்படிச் சொல்கிற ஆளா? "வாயில்லாத சீவன், அதுக்கு உன் பாத்தி என் பாத்தினு தெரியுமா, நீ வேலிய ஒழுங்கா கட்டியிருக்கணும்," என்றிருக்கிறார். வார்த்தை தடித்தது. லீக்ஸில் தொடங்கியது, செத்துப்போன தாத்தா சின்ன வயதில் யாரை அதிகமாக அடித்தார் என்பது வரைக்கும் போனதாம்.

எங்கள் பக்கத்தில் வாக்குவாதம் முற்றினால் கோயிலுக்குத்தான் போவார்கள். தட்டில் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அம்மன் சாட்சியாக என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை மீற முடியாது. மீறினால் கண் அவிந்துபோகும். பூசாரி எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு சூடத்தை அணைத்து, இனிமேல் உன்னோடு பேசினால் பார் என்று சத்தியம் செய்துவிட்டு, ஒரே பாதையில் ஒருவர் பின்னால் ஒருவராக ஒரே லயத்துக்குத் திரும்பி வந்தார்கள். வேறு எங்கே போவது?

அந்தச் சத்தியத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்த்தி இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் முன்போலவே மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாதியும் மாற்றிக்கொண்டார்கள், புருஷன்மாரைப் பற்றிச் சேர்ந்தே குறைப்பட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளும் சேர்த்தி இல்லை. பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது, அதனால் பிள்ளைகள் என்றால் நானும் என் தம்பியும்தான். தம்பிக்கு அப்போது பேச்சே சரியாக வராது. ஆக, பெரியப்பாவின் அதிசயச் சேதிகளுக்கு முழு உரிமைக்காரி நான் ஒருத்திதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா, பறித்த தேயிலையை ஃபெக்டரிக்கு ஏற்றிப் போகிற கொழுந்து லொறி ஓட்டினார். ஒவ்வொரு மலையிலும் கொழுந்தை எடை போட்டு முடியும்வரை லொறிக்குள் காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் வேறு எங்கேயும் போனுக்கு சிக்னல் கிடைக்காது, ஃபெக்டரி வளைவில் மட்டும் கிடைக்கும். அங்கே லொறியை நிறுத்திவிட்டுக் கீறல் விழுந்த போனில் உலகத்தைப் படிப்பார். தீக்கோழிக்கு மூளையைவிடக் கண் பெரிசு, வண்ணத்துப்பூச்சி காலால்தான் ருசி பார்க்கும், எங்கேயோ ஒரு ஊரில் வீட்டுக்காரர் வளர்த்த கிளி திருடனின் பேரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்தது, இப்படி. லயத்துக்கு வந்தால் சிக்னல் போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். குளித்து, விபூதி பூசி, பால் ஊற்றாத சாயத்தண்ணிக் கோப்பையோடு தங்கள் இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சின்னத் தாழ்வாரத்தில், வந்து உட்கார்ந்ததும் குரல் வரும். "பாப்பா, கேட்டியா சேதிய?"

எங்கள் இஸ்தோப்புக்கும் அவர்களுடையதற்கும் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு கட்டைச் சுவர் இருந்தது. நான் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். எனக்கும் அவருக்கும் ஒரு கை தூரம்கூட இருக்காது. ஆனாலும் பெரியப்பா எப்போதும் மூன்று வீடு தள்ளி இருக்கிற செவிடருக்குச் சொல்வதுபோல உரக்கத்தான் சொல்வார். லொறி எஞ்சின் சத்தத்தோடு பேசிப் பேசி அவர் தொண்டை அப்படி ஆகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதும் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. பெரியப்பா மெனக்கெட்டு எனக்காக ஒன்றைக் கொண்டுவந்து சொல்கிறார், இவருக்கு என்ன வந்தது? கணவாய் மீனுக்கு மூன்று இதயம் இருக்கிறது என்று ஒருநாள் பெரியப்பா சொன்னார். "மூணு வேணாம், ஒண்ணு இருந்தாப் போதும். அதுவும் இல்லாதவங்க பக்கத்துலயே குடியிருக்காங்க," என்று அப்பா அடுப்பைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குப் பெரியப்பா மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவால்தான் என் சேதிகள் கெட்டுப்போகின்றன என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் பொழுது போகணுமே," என்று மட்டும் சொன்னார். மறுநாள் பெரியப்பா தயாராக வந்தார். தீக்கோழியின் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு, எந்நேரமும் அடுத்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கண் அப்படித்தான் பெருக்கும், மூளை சுருங்கும் என்று சேர்த்துக்கொண்டார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கிப் புரையேறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது இருமல்தான் என்று அவர் சாதித்தார்.

வண்ணத்துப்பூச்சி விஷயம் மட்டும் தோட்டம் முழுக்கப் பரவியது. அது காலால் ருசி பார்க்கும் என்று பெரியப்பா சொல்ல, "அப்ப நம்ம பீலிக்கரைச் சேத்துல நடந்து வந்தா அதுக்கு என்னத்துக்கு ஆகும்," என்று அப்பா கேட்டார். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியடி எப்போதும் சேறும் சகதியுமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணன் சொன்னதும் தம்பி சொன்னதும் சேர்த்துத்தான் அவர்களுக்குக் கதை. தனியாகப் பெரியப்பாவின் சேதியை மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம் கழுத்திலும் ஒரே எண்ணிக்கையில்தான் எலும்பு இருக்கிறது என்று நான் சொன்னபோது டீச்சர் முதலில் நம்பவில்லை. அடுத்த நாள் தேடிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று வகுப்புக்கு முன்னால் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனையும் எனக்காக ஒருவர் சேர்த்துக்கொண்டு வருகிறார் என்ற கர்வம் வேறு.

இப்போது நான் கொழும்பில் வேலை பார்க்கிறேன். போனைத் தொட்டால் போதும், இந்த மாதிரி அதிசயங்கள் கொட்டுகின்றன. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைப் பெண் ஒன்றைப் படித்துக் காட்டுவாள். அப்படியா என்று சொல்லிவிட்டு நான் சோற்றைப் பிசைவேன். அவளும் அடுத்ததற்குப் போய்விடுவாள். மறுத்துப் பேச ஆள் இல்லாத அதிசயம் உப்பில்லாத பண்டமாகத்தான் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் தனி வீட்டுத் திட்டம் வந்தது. லயத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு துண்டு நிலத்தில் தனித்தனியாக வீடு. முதல் தொகுதியில் பெரியப்பாவின் பேர் வந்தது, எங்கள் பேர் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதற்காக முகம் சுளிக்கவில்லை. பெரியம்மா மழையில் ஒழுகாத கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷம்தான், போய் வர ஒரு புது வீடு கிடைத்தது. வீடுகள் எதிர்மலையில் கட்டப்பட்டன. எங்கள் இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் நீலத் தகரம் போட்ட கூரைகள் பளிச்சென்று தெரியும். நடுவே ஒரு பள்ளம், ஒரு ஓடை. கையைக் காட்டினால் தெரியும், கத்தினால் கேட்காது.

வீடு மாறின அன்றைக்கு நடந்த கூத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். பெரியம்மாவின் கல்யாண அலுமாரியைத் தூக்க ஆள் போதவில்லை. அப்பா எதுவும் சொல்லாமல் போய் ஒரு முனையைப் பிடித்தார். பேசக்கூடாது என்றுதான் சத்தியம், தூக்கக்கூடாது என்று யாரும் சூடம் அணைக்கவில்லையே. மறுமுனையில் பெரியப்பா. காம்பரா வாசலில் அலுமாரி சிக்கிக்கொண்டது.

"பாப்பா, கொஞ்சம் சாய்ச்சுப் புடிக்கச் சொல்லு," என்றார் பெரியப்பா.

"பாப்பா, சாய்ச்சா கண்ணாடி போயிரும்னு சொல்லு."

"கண்ணாடி என் பொறுப்பு, முதல்ல சாய்க்கச் சொல்லு."

நான் இருவருக்கும் நடுவே நின்று, ஒரு அலுமாரி தூரத்தில் முகத்துக்கு முகம் நின்ற இரண்டு பேருக்கும் சேதி சொன்னேன். வியர்த்து வடிய அலுமாரி வெளியே வந்ததும் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணனும் தம்பியும் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மலை ஏறி இறக்கி வைத்தார்கள். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. கால் வழுக்குகிற இடத்தில் மட்டும் முன்னால் போனவர் தொண்டையைச் செருமினார், பின்னால் வந்தவர் நின்று நிதானித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். அப்பா போகவில்லை. பெரியம்மா முதல் நாளே வந்து, குங்குமம் வைத்து, எல்லோரும் வரணும் என்று அழைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா விடியும் முன்பே போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவோ தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி, இஸ்தோப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. புது வீட்டுக்குக் கூடப்பிறந்தவனை வீட்டுக்காரர்தான் வாய் நிறையக் கூப்பிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். பெரியப்பாவின் வாயைச் சூடம் கட்டிப்போட்டிருந்தது. கூப்பிட வேண்டியவங்க கூப்பிடல என்று அப்பா சொன்னார். திரும்பி வந்த அம்மாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "ரெண்டு பேரும் சேந்துதானே சத்தியம் பண்ணீங்க. இனி ரெண்டு பேரும் சேந்து வாய மூடிக்கிட்டுக் கெடங்க," என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை அப்பாவுக்கு முன்னால் வைத்தார். அப்பா எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே அதைத் தின்றார்.

பக்கத்துக் காம்பராவுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. நல்ல பிள்ளைகள். டிவியைக் கொஞ்சம் சத்தமாகப் போடுவார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை காலம் சுவருக்கு மேலே வந்த சத்தத்தைப் பற்றி வாய் திறக்காத மனுஷன், இப்போது காது வலிக்கிறது என்றார், தலை இடிக்கிறது என்றார், லயம் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா என்றார். சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டு எதையோ கேட்பதுபோல இருப்பார். என்னப்பா என்றால் ஒண்ணுமில்லை என்பார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. இடையில் புகுந்து என் சேதிகளைக் கெடுத்தவர்தானே, நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. எதிர்மலைக்குப் போனால் இனி யாருடைய தொந்தரவும் இல்லாமல் பெரியப்பா எனக்கு மட்டும் சொல்வார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை போனேன். பெரியப்பா வாசலில் கோழிக்கூட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்தார். நான் காத்திருந்தேன். அவர் ஆணியை அடித்தார், நிமிர்ந்தார், அடுத்த ஆணியை எடுத்தார். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"பெரியப்பா, சேதி ஒண்ணும் இல்லியா?"

"என்ன சேதி பாப்பா?"

"அதிசயம்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "இல்ல பாப்பா. இப்பல்லாம் கண்ணுல ஒண்ணும் படமாட்டேங்குது," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். லொறி ஓட்டிக் கெட்டுப்போன தொண்டை எப்படிச் சரியானது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, வீட்டில் எல்லோரும் என்ன பண்ணுகிறார்கள் என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தம்பி வாயில் கல்லைப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். பூனை குட்டி போட்டதைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அப்பாவுக்குச் சளி என்று சொன்னேன். கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டு, மறுபடி ஆணி அடிக்கத் தொடங்கினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இத்தனை நாள் கட்டை மேல் உட்கார வைத்து என்னிடம் கத்திக் கத்திச் சொன்ன மனுஷன், இப்போது பள்ளம் இறங்கி மேடு ஏறி நேரிலேயே வந்து உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை என்கிறார். புது வீடு வந்ததும் ஆள் மாறிவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பெரியப்பாவுக்கு மூளை காய்ந்துபோச்சு, சேதியே இல்லையாம், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்க அறிவித்தேன். அப்பா சோற்றில் கைவைத்தவர் அப்படியே இருந்தார்.

"ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லியாம்."

"ஒடம்புக்கு நல்லாத்தானே இருக்காரு?"

அண்ணனைப் பற்றி அப்பா என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. நல்லாத்தான் இருக்கார், கோழிக்கூடு கட்டுகிறார், உங்களைக் கொத்தமல்லி குடிக்கச் சொன்னார் என்றேன். அப்பா அதன் பிறகு சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய் இஸ்தோப்பில் நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் தணிகிற நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, வா பாப்பா, சும்மா நடந்திட்டு வருவோம் என்றார். பள்ளத்தில் இறங்கினோம், ஓடையைத் தாண்டினோம். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வரமாட்டேன் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பெரியப்பாவின் வீட்டுக்கு முன்னால், பாதையோரத்தில், மண் சரியாமல் இருக்க அடுக்கியிருந்த கல் மேல் என்னை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பெரியம்மா பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பாவின் இருமலும் கேட்டது. அப்பா உள்ளே பார்க்கவில்லை. அவர் கழுத்தில் வியர்த்திருந்தது, அவ்வளவு வெயில் இல்லை.

பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில் சொன்னார்: "பாப்பா, ஒரு சேதி கேள்விப்பட்டேன். நம்ம தேயிலைச் செடி இருக்கே, அத வெட்டாம அப்பிடியே விட்டாக்கூட இடுப்பு உயரத்துக்கு மேல வளராதாமே."

எனக்கு உயிரே போய்விட்டது. தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிப்போகும் என்று. அதற்காகத்தானே கவ்வாத்து. அதைத்தானே இவர் காலமெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புது வீடுகளின் வாசல்களில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, இந்த மனுஷன் இப்படியா மானத்தை வாங்க வேண்டும்? நான் அவர் கையைக் கிள்ளினேன். அவர் கையை எடுக்கவில்லை. "ஆமா பாப்பா, மேல வளரவே வளராதாம்," என்று இன்னும் உரக்கச் சொன்னார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. பெரியப்பா வாசலுக்கு வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவை நேராகப் பார்த்தார்.

"ஏன்டா, கவ்வாத்துக் கத்தி புடிக்கிறவன் பேசுற பேச்சாடா இது? ஃபெக்டரிக்குப் பின்னால விதைக்குன்னு வெட்டாம விட்ட விதை மரம் ரெண்டு ஆள் உசரத்துக்கு நிக்குதே, அது தேயிலை இல்லாம என்னடா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பெரியம்மா அவருக்குப் பின்னால் வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வாசல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பெரியப்பாவின் கண்களையே பார்த்தேன், எந்த நிமிஷம் அவிந்துபோகுமோ என்று.

அப்பா எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்பிடியாண்ணே," என்றார்.

பெரியப்பா கதவை விட்டு விலகி நின்றார், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பெரியம்மா சாயத்தண்ணி ஊற்றும்போது பாதியைக் கீழே சிந்தினார். விதை மரம் எத்தனை வருஷத்துக்கு முன்னால் வைத்தது என்று பெரியப்பா சொன்னார், இல்லை அதற்கும் முன்னால் என்று அப்பா சொன்னார். அது முடிய வெகுநேரம் ஆனது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் பெரியம்மாவும் கோயிலில் பொங்கல் வைத்து, புத்தி கெட்டவங்க தாயே, கண்ணை மட்டும் விட்டுவிடு என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டார்கள். நான் ரொம்ப நாள்வரை தினமும் அப்பாவின் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி இது எத்தனை என்று சோதித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா உற்சாகமாகத்தான் நடந்தார். எனக்கோ அவமானம் தாங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது உன் அப்பாவுக்குத் தேயிலையைப் பற்றியே தெரியாதாமே என்று கேட்டால் என்ன சொல்வது? கொஞ்ச தூரம் போனதும், திட்டுவதில் பிரயோஜனம் இல்லை, தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் முறை என்று முடிவு செய்தேன். அப்பா, தேயிலை உண்மையில் ஒரு மரம், கொழுந்து பறிக்கிற கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வெட்டி வெட்டிச் செடியாக வைத்திருக்கிறோம், வெட்டாமல் விட்டால் அது பாட்டுக்கு மேலே போய்விடும், பூக்கும், காய்க்கும் என்று டீச்சர் சொல்வதுபோலவே நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். அப்பா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்பிடியா பாப்பா, எனக்கு இவ்வளவு நாளாத் தெரியாமப் போச்சே," என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் போய் அவர் மேல் பாவமாக இருந்தது. நாலு விஷயம் சொல்லிக் கொடுக்க அப்பாவுக்கு யாரும் இல்லை, இனி நான்தான் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடி, ஓடைக்கல்லில் அவர் வழுக்கி விழுந்துவிடாமல் இருக்க அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.